கணவரிடம் எப்படிச் சொல்வது? டாக்டரம்மா பதில்கள்

மாதவிலக்கு நிற்கும் காலத்தைப் பற்றி எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ‘கணவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்’ என்று ஆரம்பிக்கின்றன. ஆண்களும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மனைவிக்குத் தெரியாமல் எழுதுகிறார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு கடிதம் வந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். சேலத்தில் மகப்பேறு மருத்துவராக இருக்கும் நான், கிளினிக்கில் பேசுவதைப் போலவே இங்கும் பதில் எழுதியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன். ஊர் மட்டும் இருக்கிறது.

எனக்கு 47 வயது. வீட்டிலேயே தறி ஓடுகிறது. ஏழெட்டு மாதமாக மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. இரவில் திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று சூடு ஏறுகிறது, ஜாக்கெட் நனைந்துவிடுகிறது. எழுந்து ஃபேனை முழு வேகத்தில் வைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் குளிர்கிறது, நிறுத்துகிறேன். ‘சேலத்து வெயிலில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை? உனக்கு மட்டும் என்ன கூத்து?’ என்கிறார் கணவர். உடம்புச் சூடு என்று மாமியார் நன்னாரி சர்பத் கலந்து தருகிறார். இது என்ன நோய்? அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?
– வாசகி, அம்மாப்பேட்டை

நோய் இல்லை அம்மா. சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டு வருகின்றன. அதுவும் சீராகக் குறைப்பதில்லை. ஒரு மாதம் கூடுதல், ஒரு மாதம் அடியோடு குறைவு என்று தாறுமாறாக. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. உடம்பின் வெப்பத்தைக் கண்காணிப்பது அதன் வேலைகளில் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அது தேவைக்கு மீறி உஷாராகிவிடுகிறது. முன்பெல்லாம் கண்டுகொள்ளாமல் விட்ட கடுகளவு வெப்ப மாற்றத்துக்கும் இப்போது பதறி, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, வேர்வையைத் திறந்துவிடுகிறது. முகம் எரியும், நெஞ்சு படபடக்கும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அதற்குள் உடம்பு வெப்பத்தை வெளியேற்றிவிட்டதால், வேர்வை காயும்போது குளிரும். நீங்கள் ஃபேனைப் போட்டதும் நியாயம், நிறுத்தியதும் நியாயம்.

நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதுவரை இப்போது உங்களுக்கு நடப்பதுபோல முன்னே பின்னே வரும் காலம். சிலருக்கு இது நான்கைந்து வருடம்கூட இழுக்கும். சூடு ஏறும் தொல்லை சிலருக்குச் சில மாதங்களில் போய்விடும், பலருக்கு ஏழு வருடம் வரை கூடவே வரும். ‘இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்’ என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாறாதீர்கள். உங்கள் வயதில், இந்த அறிகுறிகளோடு, ஹார்மோன் இரத்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டிய அவசியம் இல்லை. தைராய்டு மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது அதிகமாகச் சுரந்தாலும் இதே வேர்வை, இதே படபடப்பு வரும்.

சேலத்து வெயில் விஷயத்துக்கு வருகிறேன். ஏற்காட்டில் குடியிருக்கும் ஒரு பெண்மணி என்னிடம் வருவார். டிசம்பர் மாதம், அக்கம்பக்கத்தார் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் இரவில், இவர் கதவைத் திறந்துகொண்டு வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொள்வாராம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனிக்கு நடுவில்! உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இரவு இரண்டு மணிக்கு ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லாதீர்கள்; அப்போது இருவருக்குமே தூக்கக் கோபம். தறி ஓடும்போதும் வேண்டாம், பாதி காதில் விழாது. மின்தடை நேரம், பாவு மாற்றும் நேரம், எதுவாக இருந்தாலும் தறி நின்றிருக்கும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘எனக்கு மாதவிலக்கு நிற்கிற காலம் வந்திருக்கிறது. இரவில் இரண்டு மூன்று நிமிடம் உடம்பு கொதிக்கும், பிறகு குளிரும். நான் வேண்டுமென்று செய்வதில்லை. என் தலைமாட்டில் ஒரு டேபிள் ஃபேன் வேண்டும், சுவிட்ச் என் கைக்கு எட்டுகிற மாதிரி.’ நம் பெண்கள் பெரும்பாலும் ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்கிறார்கள். அதைக் கேட்கும் ஆணுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. தெரியாததால் எரிச்சல் வருகிறது. டேபிள் ஃபேன் வேண்டும் என்றால் கடைக்குப் போய் வாங்கி வந்துவிடுவார். ஒரு நேரத்தில் ஒரு காரியம் கேளுங்கள்.

பாலியெஸ்டர் நைட்டியை விட்டுப் பருத்திக்கு மாறுங்கள். மாலைக் காப்பியும் காரமும் சிலருக்குச் சூட்டைக் கிளப்பும்; உங்களுக்கு அப்படியா என்று ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். தூக்கமே கெட்டு மறுநாள் தறியில் உட்கார முடியவில்லை என்றால் மருந்து இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சையும் உண்டு, ஹார்மோன் அல்லாத மாத்திரைகளும் உண்டு. நன்னாரி சர்பத் சூட்டை நிறுத்தாது. ஆனாலும் மறுக்காமல் வாங்கிக் குடித்துவிட்டு, ‘உங்களுக்கு இந்த வயதில் எப்படி இருந்தது அத்தை?’ என்று கேளுங்கள். அவரும் இதைக் கடந்து வந்தவர்தான். மகனிடம் நீங்கள் சொல்லத் தயங்குவதை அவரே சொல்லிவிடக்கூடும்.

மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் துணியில் லேசாக இரத்தம் பட்டது. ஒரே நாள்தான். உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது, அதனால் திரும்பி வந்திருக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சந்தோஷப்படலாமா?
– வாசகி, குகை

கூடாது. இந்த இதழை மூடி வைத்துவிட்டு இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். பெரும்பாலும் உள்தோல் மெலிந்ததாலோ சிறிய சதை வளர்ச்சியாலோ வந்திருக்கும். சிலருக்கு அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி. அந்தக் கட்டத்தில் பிடித்தால் குணப்படுத்திவிடலாம். ஸ்கேனில் கருப்பையின் உட்சுவர் எவ்வளவு தடிமன் என்று பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டர் வரை இருந்தால் பயம் பெரிதும் குறையும். அதற்கு மேல் இருந்தால் திசு எடுத்துப் பரிசோதிப்பார்கள். கணவரிடம் காரணத்தைச் சொல்லியே அழைத்துக்கொண்டு போங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கு 54, மனைவிக்கு 50. அவளுக்கு மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் இல்லாத வழக்கமாக, இப்போது அருகில் போனாலே விலகிப் படுக்கிறாள். பல நாள் மகள் அறைக்குப் போய்விடுகிறாள். கேட்டால், ‘இந்த வயதில் என்ன வேண்டிக்கிடக்கிறது’ என்கிறாள். என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா? பட்டறை நண்பர் ஒருவர் ஏதேதோ சொல்கிறார்.
– வாசகர், சேலம்

நண்பர் சொன்னதைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள் ஐயா. என் சந்தேகம் வேறு. உங்கள் மனைவிக்கு வலிக்கிறது.

ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து வறண்டுவிடுகிறது. முன்பிருந்த ஈரமும் நெகிழ்வும் இருக்காது. உறவின்போது எரிச்சல், கீறல், சில சமயம் இரத்தக் கசிவுகூட இருக்கும். சிறுநீர்க் கடுப்பும் அடிக்கடி வரும். சூடு ஏறும் தொல்லை காலப்போக்கில் அடங்கும். இது தானாக அடங்காது, கவனிக்காமல் விட்டால் கூடும். ஒருமுறை வலித்தால் அடுத்த முறை உடம்பு தானாகவே இறுகிக்கொள்ளும். இறுகினால் இன்னும் வலிக்கும். பிறகு நீங்கள் தோளில் கை வைத்தாலே அது எதில் போய் முடியுமோ என்று பயம் வந்துவிடும். மகள் அறைக்குப் போவதற்கு இது போதாதா?

அவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மருத்துவரான என்னிடமே பெண்கள் இதை நேராகச் சொல்வதில்லை. முழங்கால் வலி என்று வருவார்கள். நானும் காலைப் பார்த்து, சீட்டு எழுதி முடித்துவிடுவேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்த பிறகு திரும்பி, ‘இன்னொன்று டாக்டர்...’ என்பார்கள். முழங்காலுக்காக அவர்கள் வந்ததே இல்லை. இதற்காகவே இப்போதெல்லாம் நான் சீட்டை மெதுவாக எழுதுகிறேன். அந்தரங்கம் என்ற கூச்சம் ஒரு பக்கம். முடியாது என்று சொன்னால் கணவர் வேறெங்காவது போய்விடுவாரோ என்ற பயம் இன்னொரு பக்கம். ‘இந்த வயதில் என்ன’ என்பது அந்த இரண்டையும் மறைக்க நன்றாக உதவுகிறது.

ஆகவே, ‘ஏன் விலகிப் போகிறாய்?’ என்று கேட்காதீர்கள். அது விசாரணை. ‘உனக்கு வலிக்கிறதா? இந்த வயதில் வலிக்கும் என்று படித்தேன்’ என்று சொல்லுங்கள். இந்தப் பக்கத்தை மடித்துக் கண்ணில் படும்படி வைத்தாலும் சரி. ஆமாம் என்று பதில் வந்தால் வழி எளிது. மருந்துக் கடையில் தண்ணீர் கலவையில் செய்த வழவழப்பு ஜெல்லி கிடைக்கிறது; சீட்டு தேவையில்லை. வெட்கமாக இருந்தால் உங்கள் பேட்டையில் வாங்காமல் ஐந்து ரோடு பக்கம் போய் வாங்குங்கள். தேங்காய் எண்ணெயும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆணுறை பயன்படுத்துபவர்கள் மட்டும் எண்ணெயைத் தொடக்கூடாது, ஆணுறை கிழிந்துவிடும். இது போதவில்லை என்றால் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது. மருத்துவர் பார்த்துத் தர வேண்டியது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை உள்ளே தடவச் சொல்வார்கள். இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம், சிலருக்கு மூன்று மாதம் ஆகும். மார்பகப் புற்றுநோய் வந்தவராக இருந்தால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வாசனை சோப்பும் விளம்பரத்தில் வரும் கழுவும் திரவங்களும் வறட்சியை மோசமாக்கும், வேண்டாம்.

அந்த இரண்டு மூன்று மாதத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எதையும் எதிர்பார்க்காமல் பக்கத்தில் உட்காருங்கள். வலியைக் குணப்படுத்தினாலும் அவருக்கு விருப்பம் முன்பு போல் திரும்பாமலும் இருக்கலாம். ஹார்மோன் குறைவு, தூக்கக் கெடுதி, வீட்டு வேலையின் அலுப்பு எல்லாம் அதில் சேரும். அதையும் அவர் உங்களிடம் பயமில்லாமல் சொல்ல முடிய வேண்டும்.

கடைசியாக உங்களைப் பற்றி. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கு எழுச்சி குறைந்தால் அது பல சமயம் சர்க்கரை நோயின் அடையாளம், இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அடைபடத் தொடங்கியதன் முன்னறிவிப்பாகவும் இருக்கும். அப்படி இல்லை என்றால் மகிழ்ச்சி. பரிசோதனையை எப்படியும் செய்துகொள்ளுங்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். வயது 43. மாதத்தில் பத்து நாள் போகிறது, கட்டி கட்டியாக. பழம் பறிக்கும் மாதங்களில் சரிவில் நின்றுகொண்டே இருக்க வேண்டும், ஒதுங்கவும் இடமில்லை. ‘இரண்டு பிள்ளை பெற்றாயிற்று, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது’ என்கிறார்கள் கணவரும் நாத்தனாரும். எடுத்துக்கொள்ளட்டுமா?
– வாசகி, ஏற்காடு

அவசரப்படாதீர்கள். மாதவிலக்கு நிற்கப் போகும் வயதில் இப்படித்தான் கொட்டும் என்று சொல்லிச் சொல்லியே பல பெண்களை இரத்தசோகையில் தள்ளியிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, கட்டி கட்டியாகப் போவது, ஏழு நாளைத் தாண்டுவது இவை எதுவுமே சாதாரணம் இல்லை. சரிவில் ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? நகமும் கண் கீழிமையும் வெளுத்திருக்கிறதா? முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். 7, 8 என்று வைத்துக்கொண்டு கூடை சுமந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்து ஸ்கேன். நார்த்திசுக் கட்டி இருக்கிறதா, உட்சுவர் தடித்திருக்கிறதா, உள்ளே சதை வளர்ந்திருக்கிறதா என்று தெரியும். தைராய்டும் ஒரு காரணமாக இருக்கலாம். 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி சேலத்துக்கு வருவது இப்போதைக்கு இதற்காக மட்டும் இருக்கட்டும்.

பல பேருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. போகும் நாட்களில் மட்டும் சாப்பிடும் மாத்திரை உண்டு. ஹார்மோன் மாத்திரை உண்டு. கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஒன்று இருக்கிறது. ஐந்து வருடமாவது வேலை செய்யும், இரத்தப்போக்கை வெகுவாகக் குறைக்கும். இவற்றுக்கும் கட்டுப்படவில்லை, கட்டி பெரிதாக இருக்கிறது, பரிசோதனையில் சந்தேகம் வருகிறது என்றால் எடுப்பதில் தவறில்லை.

எடுப்பதானால் ஒரு கேள்வியை மருத்துவரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்: ‘சினைப்பையையும் எடுப்பீர்களா, ஏன்?’ கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும், ஹார்மோன் சுரப்பது தொடரும். ஆனாலும் மெனோபாஸ், அதாவது சினைப்பைகள் ஓய்ந்துபோவது, சில வருடம் முன்னதாக வரக்கூடும். சினைப்பைகள் இரண்டையும் எடுத்துவிட்டால் 43 வயதில் ஒரே நாளில் மெனோபாஸ். அம்மாப்பேட்டை வாசகி மெல்ல மெல்ல அனுபவிப்பதெல்லாம் உங்களுக்கு மொத்தமாக வரும், எலும்பும் இதயமும் சீக்கிரமே பாதிக்கப்படும். அப்போது, தடையேதும் இல்லை என்றால், வழக்கமாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் எடுத்துக்கொள்ளச் சொல்வோம்.

வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சுமார் ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடமும் பாரம்தான். அந்த ஆறு வாரம் குடம் யார் தூக்குவது என்று கணவரிடமும் நாத்தனாரிடமும் இப்போதே கேட்டு வையுங்கள். ‘தொல்லை விட்டது’ என்று சொல்வது எவ்வளவு எளிது என்று அப்போது அவர்களுக்கே தெரியும்.

சூடு தாங்காமல் மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வயது 51, நின்று ஒரு வருடம் ஆகிறது. அதனால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று எங்கோ படித்த என் கணவர், மாத்திரை அட்டையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்.
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

ஒளித்து வைத்ததை நான் ஏற்கவில்லை. அவருடைய பயத்துக்கு மட்டும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையுள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் கூடியது என்பது ஒரு காரணம். உலகமெங்கும் பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். எவ்வளவு கூடியது என்று பலர் கேட்கவில்லை. ஆண்டுக்கு 10,000 பேரில் 30 பேருக்கு வரும் இடத்தில் 38 பேருக்கு வந்தது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று பல வருடம் ஆனவர்கள். உங்கள் நிலை வேறு. 60 வயதுக்குக் கீழே, நின்று பத்து வருடத்துக்குள், வேறு தடை இல்லாமல், தொல்லை கடுமையாக இருந்தால் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவ நிலை.

தடைகள் உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவர், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், கல்லீரல் நோய் உள்ளவர், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர் ஆகியோருக்குத் தர மாட்டோம். கருப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகச் சாப்பிடக்கூடாது. கருப்பையின் உட்சுவரைக் காக்க இரண்டாவது ஹார்மோனும் சேர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டை வைத்து வாங்கிச் சாப்பிடக்கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். அட்டையோடு உங்கள் கணவரும் மருத்துவரிடம் வரட்டும். 30, 38 என்ற கணக்கை அவரிடம் காட்டுங்கள். கணக்குக்குக் கட்டுப்படும் ஆண்கள் நிறைய உண்டு.

எனக்கு 48. மாதவிலக்கு வந்து ஆறு மாதமாகிறது. இனி ஆணுறை வேண்டாம் என்கிறார் கணவர்.
– வாசகி, ஆத்தூர்

வேண்டும். ஐம்பதுக்குக் கீழ் என்றால் கடைசி மாதவிலக்கிலிருந்து இரண்டு வருடம், ஐம்பதுக்கு மேல் என்றால் ஒரு வருடம் கருத்தடை தொடர வேண்டும். மகளுக்கு வளைகாப்பு நடக்கும் வருடத்தில் தாயும் கருவுற்று, இரண்டு பேருக்கும் சேர்த்துக் கர்ப்பிணி அட்டை போட்ட கதையெல்லாம் என் பழைய நோட்டுகளில் இருக்கிறது.

கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறேன். தம்பி பிளஸ் டூ. அம்மாவுக்கு 46. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், பிறகு சமையலறையில் தனியாக அழுகிறார். சத்தம் ஆரம்பித்தாலே அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார். நான் யாரிடம் பேசுவது?
– வாசகி, அஸ்தம்பட்டி

முதலில் அம்மாவிடம், கண்ணு. ‘ஏன் இப்படி இருக்கிறாய்’ என்று வேண்டாம். ‘இரவு தூங்கினாயா?’ என்று கேள். எரிச்சலில் பாதி தூக்கம் கெட்டதால் வருவது. இந்த வயதில் ஹார்மோன் ஏறி இறங்கும்போது மனமும் சேர்ந்து ஆடும். முன்பு ஒருமுறை மனச்சோர்வு வந்தவர்களுக்கும், பிரசவத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கும் மறுபடி வரும் வாய்ப்பு கூடுதல். அதோடு தம்பியின் பரீட்சை. எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் போடவும் கூடாது. வீட்டில் உண்மையிலேயே கோபப்பட வேண்டிய விஷயங்கள் இருக்கும். ‘உனக்கு மெனோபாஸ், அதனால்தான் கத்துகிறாய்’ என்று யாராவது சொன்னால், நான் உன் அம்மாவாக இருந்தால் இன்னும் உரக்கக் கத்துவேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் அழுகை, எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது மனச்சோர்வு. மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். வாழ்ந்து என்ன பயன் என்பது போல ஒரு வார்த்தை வாயில் வந்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதே. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

அப்பாவிடமும் பேசு. தப்பித்து ஓடுவதாக உனக்குத் தோன்றும். நெருப்பில் எண்ணெய் ஊற்ற வேண்டாமே என்று அவர் போவதாகவும் இருக்கலாம். அம்மாவுக்குத் தெரிவதெல்லாம் செருப்புச் சத்தம்தான். ‘டீக்கடைக்குப் போங்கள் அப்பா, போகும் முன் திரும்பி வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்’ என்று சொல். திரும்பி வரும்போது மறுநாள் இட்லிக்கு ஊறப் போட்டிருக்கும் அரிசியை அவரே கிரைண்டரில் போட்டு அரைத்து வைக்கட்டும். அம்மா படுக்கப் போகும் நேரம் ஒரு மணி முன்னதாக வரும்.

ராகிக் களி சாப்பிட்டால் எலும்புக்கு மாத்திரை தேவையில்லையா?
– வாசகி, ஓமலூர்

மெனோபாஸுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் ராகி மாவில் சுமார் 350 இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 240 வரை. தயிர், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை என்று சேர்த்துக்கொண்டே போனால் மாத்திரை இல்லாமலும் எட்டிவிடலாம். வைட்டமின் டி இல்லாமல் இந்தக் கால்சியம் எலும்புக்குப் போய்ச் சேராது. அதன் அளவைப் பார்த்து மருத்துவர் தருவார். தினமும் நடக்க வேண்டும், கொஞ்சம் எடையும் தூக்க வேண்டும். மாதவிலக்கு நின்ற முதல் சில வருடங்களில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது.

என் மனைவி மருத்துவரிடம் போகும்போதெல்லாம் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே வரலாமா?
– வாசகர், சூரமங்கலம்

தாராளமாக. மனைவிக்குச் சம்மதமா என்று வீட்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் சில நிமிடம் உங்களை வெளியே இருக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதை நான் எல்லாக் கணவர்களிடமும் சொல்வதுண்டு. வரும்போது கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, பழைய ஸ்கேன், சாப்பிடும் மாத்திரை அட்டைகள், அவருடைய அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்பகப் புற்றுநோய், எலும்பு முறிவு, மாரடைப்பு வந்திருந்தால் எந்த வயதில் என்ற விவரம், இவ்வளவும் வேண்டும். நான் அவரிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லக்கூடாது. கைப்பேசியை சைலண்டில் போட்டுவிட்டு வாருங்கள்.